மலைவெளியிற் கோல்ஃப் ஆட்டம்

எச்செயலையுந் தொடங்குமுன் அதனை நான்கு வகையாக ஆராய்தல் வேண்டுமென்பது திருவள்ளுவனார் கொள்கை. பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்றலைத் தமிழ் கற்போர் யாவரும் அறிவர். அரசர்க்கும் அமைச்சர்க்கும் வகுத்த இந்நெறி, பொழுதுபோக்காகிய விளையாட்டுக்கும் பொருந்துமோவெனச் சிலர் ஐயுறலாம். அவ்வையம் நீங்குதற்கு, மலைநிலத்தில் ஆடப்படும் கோல்ஃப் ஆட்டம் ஒன்றே போதிய சான்றாம். போர்க்களம் புகுவானுக்கு வேண்டிய ஆராய்ச்சியனைத்தும் அவ்வாட்டம் ஆடுவானுக்கும் வேண்டும். அஃது எவ்வாறென்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். புற்பரந்த ஒரு பெருநிலத்தில் பதினெட்டுச் சிறு குழிகள் தொலைதொலைவாக அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழிக்கும் தொடக்கத்தில் ஒரு மேடையும், முடிவில் நெருங்கக் கத்தரித்த புல்லையுடைய பசுந்திடலும் உண்டு. மேடையிலிருந்து சிறு பந்தைக் கோலால் அடித்துச் சென்று, பசுந்திடலிலுள்ள குழியில் வீழ்த்தல் வேண்டும். இடையே மணற்பள்ளமும், நீர்நிலையும், மரச்செறிவும் தடைகளாக நிற்கும். மிகக் குறைந்த அடிகளில் பதினெட்டையும் முடிப்பவனே வென்றவன். தேர்ந்தவன் ஒரு குழியை இத்தனை அடியில் முடிக்கலாமென முன்னரே வகுத்த அளவுக்குப் 'பார்' என்பது பெயர். கோல்ஃப் என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் கோல் என்னுஞ் சொல்லும் ஒலியால் ஒத்திருப்பது தற்செயலேயன்றி, உறவு பற்றியதன்று.

கடற்கரை மணல்வெளியில் ஸ்காட்லாந்து மக்கள் ஆடித் தழைத்த ஆட்டம் இது. நாளடைவில் மலைகளின்மேலும் ஏறிற்று. நம் நாட்டிற் கோடைக்கானலில் 1895-இல் தோன்றிய கோல்ஃப் சங்கத்தின் நிலத்தைத் தூண்பாறை நோக்கிச் செல்லும் வழியில் நம்மவர் பலர் கண்டிருப்பர். எனினும், மலையாட்டத்தின் அருமை முழுவதையும் ஓரிடத்தே காட்டுதற்கு, உலகப் புகழ்பெற்ற பான்ஃப் ஸ்பிரிங்ஸ் என்னும் ஆட்டவெளியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரின் நடுவே உள்ளது. தமிழர் பலர் அந்நாட்டிற் குடியேறி வாழும் இக்காலத்தில், நம் வாசகருள் சிலர் அங்கே செல்ல நேரினும் வியப்பில்லை.

வள்ளுவர் வைத்த முறையை இங்கே தலைகீழாகக் கொள்வோம். என்னை? காணாத நாட்டின் இடத்தை முதலில் உணர்ந்தாலன்றி, அதற்குரிய காலமும் வலியும் விளங்கா. இம்மூன்றும் விளங்கினாலன்றித் தெரிந்து செயலும் கூடாது.

இனி, இடனறிதல். பான்ஃப் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,383 மீட்டர், அஃதாவது 4,500 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்திலிருக்கிறது. போ, ஸ்பிரே என்னும் இரண்டு ஆறுகள் அங்கே கூடுகின்றன. அக்கூடலையடுத்த சமநிலத்தில் ஆட்டவெளி பரந்து கிடக்கிறது. அதன்மேல் ரண்டில் மலை 2,948 மீட்டர் உயர்ந்து, சாய்ந்த பலகைபோல் நிற்கிறது. 1840-களில் அப்பக்கத்துப் பழங்குடி மக்களிடையே ஊழியஞ்செய்த ராபர்ட் ரண்டில் என்னும் மெதடிஸ்டு மிஷனெரியின் நினைவாக அப்பெயர் 1858-இல் இடப்பட்டதென்பது, நம்போன்ற மிஷன் கல்லூரி மாணவர்க்கு உவகை தரும் செய்தி. கனடியப் பஸிபிக் ரயில்வே நிறுவனத்தார் 1888-இல் அங்கே பெருவிடுதியொன்றைத் திறந்தனர். 1911-இல் ஒன்பது குழிகளோடு தொடங்கிய ஆட்டவெளி, பின்னர்ப் பதினெட்டாக விரிந்தது. ஸ்டான்லி தாம்ஸன் என்னும் கனடியச் சிற்பி அதனைப் புதுக்கி அமைத்த வடிவம் 1928-இல் திறக்கப்பட்டது. இன்று பேசப்படும் புகழெல்லாம் அவ்வடிவம் பற்றியதே.

உயர்ந்த இடத்திற் காற்றின் அடர்த்தி குறைவு. பறக்கும் பந்தைத் தடுப்பது காற்றேயாதலின், அங்கே பந்து சேய்மையிற் சென்று வீழும். ஒவ்வோராயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு தூரம் மிகுமெனக் கொள்ளலாம். இக்கணக்கின்படி, கடற்கரையில் 150 கஜம் செல்லும் அடி, பான்ஃபில் 158 கஜம் செல்லும். எட்டுக் கஜம் மிகச் சிறிதன்றோவெனின், அன்று. பசுந்திடலின் நடுவில் வீழவேண்டிய பந்து பின்னுள்ள மணற்பள்ளத்தில் வீழ்தற்கு எட்டுக் கஜமே போதும்.

காற்று செய்யும் மாற்றத்தைக் கணக்கிடலாம். கண் செய்யும் மயக்கத்தைக் கணக்கிடுதல் அரிது. சமநிலத்தில் மரமும் வீடும் தூரத்தை அளக்கக் கண்ணுக்குத் துணைசெய்யும். ரண்டில் மலையின் கீழ் நிற்பவனுக்கோ, அம்மலையின் பேருருவத்தின்முன் அளவுகோலாகத்தக்க பொருள் ஒன்றுமில்லை. ஆதலின் தொலைவிலுள்ள பசுந்திடல் அருகிலிருப்பதுபோல் தோன்றும். தாம்ஸன் இதனை நன்குணர்ந்தவர். நூற்றுக்கு மேற்பட்ட மணற்பள்ளங்களின் விளிம்புகளை, பின்னே தோன்றும் மலைமுடிகளின் வளைவை ஒத்தனவாக அமைத்து, காட்சியையும் தடையையும் ஒன்றாக்கிவிட்டார். பசுந்திடலின் சாய்வும் இவ்வாறே ஏமாற்றும். மலைச்சரிவின் பக்கத்தே, சிறிது சாய்ந்த நிலம் சமமாகவும், சமநிலம் எதிர்ப்புறஞ் சாய்ந்ததாகவும் தோன்றும். ஆதலின் முதல்முறை செல்பவன் கண்ணை நம்பாது, தூரங்குறித்த சீட்டையும் அந்நிலத்திற் பழகியோர் சொல்லையும் நம்புதலே நன்று.

அவ்விடம் மனிதர்க்கு மட்டும் உரியதன்று. தேசியப் பூங்காவின் உட்பட்டதாதலின், எல்க் என்னும் பெருமான்கள் கூட்டமாக வந்து ஆட்டவெளியில் மேயும், கரடியும் வருவதுண்டு. எல்க் மானுக்கு 30 மீட்டரும், கரடிக்கு 100 மீட்டரும் விலகி நிற்றல் வேண்டுமென்பது பூங்கா அதிகாரிகள் விதித்த அளவு. மே மாத நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை கன்றீனும் பெண்மானும், செப்டம்பர் முதல் அக்டோபர் நடுவரை இணைதேடும் ஆண்மானும் எளிதிற் சீறும். பந்து விலங்கினருகே கிடப்பின் யாது செய்வது? அபாயகரமான விலங்கு அண்மையில் இருப்பின், தண்டனையின்றிப் பந்தை வேறிடத்து வைத்தாடலாமென்று ஆட்டவிதியின் பதினாறாம் பகுதி இடந்தருகிறது. உயிரைப் பணயம் வைத்து ஆடுமாறு எவ்விதியும் கூறவில்லை.

இடத்தை அறிதலென்பது, அதன் மண்ணோடு கலந்த உழைப்பை அறிதலுமாம். முதல் உலகப்போர்க் காலத்தில் கனடா அரசாங்கத்தார் பகைநாட்டுக் குடிகளெனக் கருதிப் பலரைச் சிறைப்படுத்தினர். அவருட் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் குடியேறிய உக்ரேனிய ஏழைகள். 1915 முதல் 1917 வரை பான்ஃப் பக்கத்தில் அடைக்கப்பட்டிருந்த அம்மக்கள் சாலை வெட்டினர், காடழித்தனர், இந்த ஆட்டவெளியிலும் வேலை செய்தனர். அழகிய புல்வெளியில் உலவுவோன் இதனை ஒருகணம் நினைந்து நடப்பானாயின், அவன் ஆட்டத்திற்கு ஒரு குறையும் வந்துவிடாது. செருக்குச் சிறிது குறையும்.

அடுத்தது, காலமறிதல். ஆண்டின் பெரும்பகுதி பனிமூடிய நாடாதலின், மே மாதத் தொடக்கத்திலிருந்து அக்டோபர் முற்பகுதி வரையே அங்கே ஆட்டம் நிகழும். ஜூன் மாத இறுதியிற் கதிரவன் மறைய இரவு பத்துமணி அளவாகும். நம் நாட்டில் ஆறரை மணிக்கே விளக்கேற்றும் நமக்கு இது வியப்பாயினும், அங்கே மாலையிலும் ஒரு முழு ஆட்டம் ஆட ஒளியுண்டு. பதினெட்டுக் குழியையும் முடிக்க நான்கு முதல் நாலரை மணிநேரம் வேண்டும்.

எனினும், ஒளியுள்ள நேரமெல்லாம் தக்க நேரமாகிவிடாது. விடியலில் மலைநிழல் நிலத்தின்மேற் படிந்திருக்கும்; பனித்துளியால் நனைந்த புல்லிற் பந்து உருளாது நிற்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கதாதலின், உயரத்தாற் பெற்ற ஊதியத்திற் சிறிதைத் திரும்பப் பறித்துக்கொள்ளும். வெப்பம் பத்துப் பாகை பாரன்ஹீட் குறைந்தால், தூரம் ஒன்றிரண்டு கஜம் குறையுமென்பது பொதுக்கணக்கு. பிற்பகலிலோ, கோடைமாதங்களில் மலைமேல் முகில் திரண்டு இடியும் மின்னலும் தோன்றக்கூடும். திறந்த வெளியில் இரும்புக்கோல் ஏந்தி நிற்பவனுக்கும், தனிமரத்தின்கீழ் ஒதுங்குவானுக்கும் மின்னலால் வரும் இடர் பெரிது. மின்னலபாயம் உண்டென ஆடுவோன் தக்க காரணத்தோடு கருதினால், பிறர் கட்டளைக்குக் காத்திராது ஆட்டத்தை நிறுத்தலாமென ஐந்தாம் விதி கூறுகிறது. இறுதி இடியோசை கேட்டு முப்பது நிமிடங் கழிந்த பின்னரே வெளியே வருதல் அறிவுடைமை. ஆகவே, கோடையிற் செல்வோன் முற்பகலிலேயே தொடங்கி, முகில் திரளுமுன் பெரும்பகுதியை முடித்துவிடத் திட்டமிடல் வேண்டும். வெயில் காய்ந்தாலும், பையில் ஒரு கம்பளியுடையும் மழையுடையும் இருத்தல் நலம். ஒரே நாளிற் பலபருவங் காட்டுவது மலையின் வழக்கம்.

மூன்றாவது, வலியறிதல். கோல்ஃப் ஆடுவோன் பதினான்கு கோல்களுக்குமேற் கொண்டுசெல்லலாகாதென்பது விதி. நெடுந்தூரம் செலுத்துங் கோலும், பந்தை உயர எழுப்பிக் குறுந்தூரத்தில் வீழ்த்துங் கோலும், பசுந்திடலில் உருட்டுங் கோலுமாக அவை பலதிறத்தன. ஒவ்வொன்றாலும் தனக்கு எத்தனை கஜம் செல்லுமென்பதை ஊரிலேயே அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதல் முதல் வேலை. இங்கே ஒரு பெருந்தவறு நேர்வதுண்டு. பத்து அடியில் ஒன்று எப்பொழுதோ 165 கஜம் சென்றிருக்கும்; மற்றவை 150 கஜத்தளவில் நின்றிருக்கும். ஆடுவோனோ, அந்த ஒன்றையே தன் வலியென்று எழுதிக்கொள்வான். மறந்துவிட விரும்பும் ஒன்பதன்றோ அவனது உண்மையான வலி? பரீட்சைக்குப் படிக்கும் மாணாக்கராகிய நாமும் இத்தவறு செய்யாதவரல்லேம்.

கோலின் வலியேயன்றி உடலின் வலியையும் அறிதல் வேண்டும். பின்மேடைகளிலிருந்து அளந்தால் இவ்வெளியின் நீளம் ஏறத்தாழ 6,900 கஜம். குழிக்குக் குழி நடக்கும் நடையையும், பந்தைத் தேடும் நடையையும் கூட்டினால் நான்கைந்து மைல் எளிதிற் கடந்துவிடும். மலைக்காற்று உலர்ந்தது, வியர்வை தெரியாது, ஆயினும் உடலின் நீர் வற்றும். உயரம் மிகமிக வெயிலின் கடுமையும் மிகும். தாகம் எடுக்குமுன் நீர் பருகுதலும், வந்திறங்கிய அன்றே ஆடாது ஒருநாள் இளைப்பாறுதலும் நன்று.

இதனோடு இயைந்த ஒரு செய்தியுண்டு. தாம்ஸன் அமைத்த முறையில், விடுதிக்குக் கீழேயுள்ள உயர்ந்த மேடையினின்று, ஸ்பிரே ஆற்றைத் தாண்டப் பந்தடிப்பதே முதலாம் ஆட்டமாக இருந்தது. 1989-இல் புதிய சங்கமனை வேறிடத்தில் எழுந்தபின் குழிகளின் வரிசை மாறிற்று. பண்டை முதற்குழி இப்பொழுது பதினைந்தாவதாயிற்று. புதுவலியோடு வந்தவன் முதலடியில் தாண்டிய ஆற்றை, இன்று பதினான்கு குழி ஆடி இளைத்தவன் தாண்டல் வேண்டும். ஆறும் அதுவே, மேடையும் அதுவே, வேறுபட்டது ஆடுவான் நிலையே. ஆதலின், வலியை எல்லாம் முன்னரே செலவிடாது, பதினைந்துக்கென்று சிறிது சேமித்து வைத்தல் வேண்டும்.

ஈறாக நிற்பது, தெரிந்து செயல்வகை. மேற்கூறிய மூன்றையும் ஒரே குழியில் வைத்துப் பார்ப்போம். இப்பொழுது நான்காவதாக எண்ணப்படும் குழிக்குப் பேயின் கொப்பரை என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. உயர்ந்த மேடையில் நிற்பவன் முன்னே, மரஞ்சூழ்ந்த சிறு பனிநீர்க்குளம் கிடக்கும். அதன் அக்கரையில் கிண்ணம்போற் குழிந்த பசுந்திடல், சுற்றிலும் மணற்பள்ளங்களோடு தோன்றும். அதன்பின் ரண்டில் மலையின் பாறைச்சுவர் விண்ணை மறைத்து நிற்கும். இதன் 'பார்' மூன்று. உலகிற் பலராலும் ஓவியமாகவும் நிழற்படமாகவும் எடுக்கப்பெற்ற குழி இது.

பின்மேடையிலிருந்து தூரம் ஏறத்தாழ 190 கஜமெனக் கொள்வோம். மேடை பசுந்திடலினும் ஏறத்தாழ 70 அடி உயர்ந்தது. கீழ்நோக்கி அடிக்கும்பொழுது, ஒரு கஜ இறக்கத்துக்கு ஒரு கஜ தூரங் கழிப்பது ஆட்டக்காரர் வழக்கம். 70 அடியென்பது 23 கஜமாதலின், 190 என்பது 167 ஆகும். மெல்லிய காற்றுக்காக நூற்றுக்கு ஐந்து கழித்தால் 159 ஆகும். காலைக்குளிருக்காக மூன்று கஜங் கூட்டினால் 162. ஆகவே, 190 கஜமென்று சீட்டிற் கண்டு நெடுங்கோலை எடுப்பவன் பந்தைப் பசுந்திடலுக்கு அப்பால் எறிவான். அழகில் மயங்கி அருகென்று எண்ணுபவனோ பந்தைக் குளத்துக்குக் கொடுப்பான். கணக்கிட்டவன் ஒருவனே பசுந்திடலைக் காண்பான்.

கணக்கு இத்தோடு முடியவில்லை. ஆக்கத்தையும் அழிவையும் நிறுத்துப் பார்த்தல் எஞ்சியிருக்கிறது. பந்து குறைந்து வீழின் நீர். பந்தும் போம், ஓரடி தண்டனையும் சேரும். சிறிது மிகுந்து வீழின் அப்பாலுள்ள புற்சரிவோ மணலோதான், அங்கிருந்து மீளலாம். எனவே, இரண்டு கோல்களுக்கிடையே ஐயம் வந்தால், மிகுந்து செல்லும் கோலையே எடுத்தல் வேண்டும். இனி, முற்கூறிய 150 கஜக்காரன் செயலென்னை? 162 கஜம் அவனுக்குப் பத்தில் ஒருமுறையே கிட்டும். ஒன்பது முறை அவன் பந்து குளத்திற்கே உணவாம். அவன் செய்யத்தக்கது, பின்மேடையை விட்டு, தூரங் குறைந்த முன்மேடைக்கு இறங்கிவருதலே. வெவ்வேறு வலியுடையார் ஆடுதற்கென்றே பல மேடைகள் அமைக்கப்பட்டுள்ளன. முன்மேடையில் நின்றாலும் மலை அதே மலை. குளம் அதே குளம். பந்து மட்டும் அக்கரை சேரும். ஆயினும், நண்பர்முன் அங்கே இறங்கிவருதற்கு நாணி, பின்மேடையிலேயே நின்று மூன்று பந்துகளை மூழ்கடிப்பார் பலர். அவர்களைத் தோற்கடித்தது குளமன்று, நாணமே.

இங்ஙனமெல்லாம் கணக்கிட்டுக்கொண்டிருந்தால் இயற்கையழகை நுகர்வது எப்பொழுதென்று ஒருவர் வினவலாம். இவ்வினா தக்கதே. ஆனால், திட்டமின்றிச் செல்வோன் நிலையை நினைத்துப் பார்க்க. அவன் புதரிற் பந்து தேடுவான். பின்னே வருவோர் அவசரப்படுத்துவர். நீர்வேட்கையும் சினமும் மேலிடும். மலையைத் தலைநிமிர்ந்து பார்த்தற்கும் அவனுக்குப் பொழுதிராது. திட்டமிட்டவனோ, எந்தக் கோல், எந்தத் திசை, எவ்வளவு தூரமென்பதை முன்னரே முடிவுசெய்து வைத்திருத்தலின், அடிக்கு அடி நடக்கும் இடைவேளை முழுவதும் அவனுக்கு ஓய்வே. போ ஆற்றின் பசுநீலநிறமும், பாறைமேல் நகரும் முகில்நிழலும், மான்கூட்டமும் அவனுக்கே உரியன. ஆராய்ச்சி அழகுக்குப் பகையன்று. அழகை நுகர்தற்கு வேண்டிய ஓய்வைத் தேடித்தரும் துணையே அது.

கோபுரங் கட்டத் தொடங்குவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்பது நம் ஆண்டவர் அருளிய உவமை. தன் வலியும், காலமும், இடமும் தெரிந்து செய்க என்பது நம் வள்ளுவர் உரைத்த முறை. பாலஸ்தீனத்திலும் தமிழகத்திலும் தோன்றிய இவ்விரண்டு அறிவுரைகளும், ராக்கி மலையடியில் ஒரு சிறு வெண்பந்தின்முன் வந்து கூடுகின்றன. அம்மலைமுன் நிற்பவன் தன்னைப் பெரியனாக எண்ணுவானாயின் தோற்பான். தன் அளவை உணர்ந்து, முன்மேடைக்கு இறங்கிவரத் துணிவானாயின் மகிழ்ந்து திரும்புவான். கோல்ஃப் கோலைக் கையாலுந் தொடாத நம்மனோர்க்கும், வாழ்வில் எத்தனையோ குளங்கள் குறுக்கே கிடக்கின்றன. அவற்றின்முன் எந்த மேடையில் நிற்பதென்பதை ஒவ்வொருவரும் தம் உண்மையான அளவுகொண்டே துணிவோமாக.